மூன்றாவது ஆள் களம் இறங்கினார். கோப்பை கொலம்பசுக்கு வந்தது!

மானேஜர் ஆஸ்பத்திரியில். உதவி மானேஜருக்குக் கால் முறிவு. மூலையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த மூன்றாவது ஆளைக் கூப்பிட்டு, "தம்பி, அடுத்த வாரம் பெரிய இன்ஸ்பெக்‌ஷன். நீதான் எல்லாத்தையும் பார்த்துக்கணும்" என்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்கு 2014-ல் இதுதான் நடந்தது. அந்த மூன்றாவது ஆளின் பெயர் கார்டேல் ஜோன்ஸ். ஆறடி ஐந்து அங்குல உயரம். 250 பவுண்டு எடை. கல்லூரி ஆட்டம் ஒன்றைக்கூட முதலில் இருந்து ஆடியவர் இல்லை. அவரை இறக்கி விட்டார்கள். ஆடியது மூன்றே ஆட்டம். மூன்றிலும் எதிரே நின்றவை மலை மலையான அணிகள்.

என்ன ஆயிற்று? சொல்கிறோம்.

முரட்டுக் கபடி!

முதலில் ஒரு விஷயம். கால்பந்து என்றதும் நம்ம ஊர்க் கால்பந்தை நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கக் கால்பந்து வேறு சரக்கு. பந்து உருண்டை அல்ல. இரண்டு முனையும் கூம்பி இருக்கும். காலால் உதைப்பது குறைச்சல். கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், தூக்கி எறிவதும்தான் அதிகம். பெயருக்கும் ஆட்டத்துக்கும் ஏன் சம்பந்தமில்லை என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பக்கத்துக்கு 11 பேர். தலையில் ஹெல்மெட். தோளில் கவசம். மைதானம் 100 கஜம். நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு போனால் 'டச்டவுன்'. அதற்கு 6 பாயிண்ட். பிறகு ஒரு உதை. கம்பங்களுக்கு நடுவே போனால் இன்னொரு பாயிண்ட். பந்து வைத்திருப்பவனை மடக்கிச் சாய்ப்பது நம்ம கபடி மாதிரிதான். கொஞ்சம் முரட்டுக் கபடி!

இந்த ஆட்டத்தில் 'குவார்ட்டர்பேக்' என்று ஒருவர் உண்டு. அவர்தான் தளபதி. ஒவ்வொரு தடவையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு எறிவது, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று வினாடியில் முடிவு செய்ய வேண்டும். எதிரே 120 கிலோ ஆட்கள் அவரை நசுக்கத்தான் ஓடி வருவார்கள்! அவர் விழுந்தால் அணியே விழுந்த மாதிரி. ஓஹியோ அணிக்கு ஒரே ஆண்டில் இரண்டு தளபதிகள் விழுந்தார்கள்.

லட்சம் பேர் கூடும் லாடம்

ஓஹியோ மாநிலத்தின் தலைநகரம் கொலம்பஸ். பல்கலைக்கழகம் இருப்பதும் அங்கேதான். அதன் ஸ்டேடியம் குதிரை லாட வடிவத்தில் இருக்கும். 1922-ல் திறந்தது. ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். சனிக்கிழமை ஆட்டம் என்றால் நிரம்பி வழியும். கல்லூரிப் பையன்கள் ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேர்! அங்கே அது ஆட்டம் இல்லை, திருவிழா.

ஆனால் 2011-ல் இந்த ஊர் தலைகுனிந்து நின்றது. ஆட்டக்காரர்கள் சிலர், தங்களுக்குக் கிடைத்த பரிசுப் பொருள்களைக் கொடுத்துப் பச்சை குத்திக்கொண்டார்கள், பணம் வாங்கினார்கள் என்று விஷயம் வெளியே வந்தது. மாணவ ஆட்டக்காரர் ஆட்டத்தின் பேரில் காசு பார்க்கக் கூடாது என்பது அப்போது கறாரான சட்டம். விஷயம் தெரிந்தும் மூடி மறைத்தார் என்று பயிற்சியாளர் ஜிம் டிரெசல் மீது புகார். 2011 மே மாதம் அவர் ராஜினாமா செய்தார். அணிக்கும் தண்டனை விழுந்தது: 2012 சீசன் முடிவில் எந்தப் பெரிய போட்டியிலும் ஆடக் கூடாது!

வேடிக்கையைப் பாருங்கள். புதிய பயிற்சியாளர் அர்பன் மேயர் வந்தார். 2012-ல் ஆடிய 12 ஆட்டத்திலும் அணி ஜெயித்தது. ஆனால் கோப்பைக்கு ஆட முடியாது, தடை! 2013-லும் வரிசையாக 12 ஜெயம். கடைசியில் வட்டாரச் சாம்பியன் ஆட்டத்தில் மிச்சிகன் ஸ்டேட்டிடம் உதை. அடுத்த ஆட்டத்தில் கிளெம்சனிடம் இன்னொரு உதை. 24 ஆட்டம் ஜெயித்தும் கையில் கோப்பை இல்லை.

அதனால் 2014-ஐ எல்லாரும் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். தளபதி பிராக்ஸ்டன் மில்லர் இருக்கிறார். இரண்டு ஆண்டு வட்டாரத்தின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு வாங்கியவர். இந்தத் தடவை விடமாட்டார் என்று பேச்சு.

ஆகஸ்டு 18. சாதாரணப் பயிற்சி. மில்லர் ஒரு பந்தை எறிந்தார். தோள்பட்டை போய்விட்டது! ஏற்கெனவே ஆபரேஷன் செய்த அதே வலது தோள். அந்த சீசன் முழுக்க அவர் ஆட முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். முதல் ஆட்டத்துக்கு இன்னும் 12 நாள்தான் இருந்தது.

சொந்த மண்ணில் அடி

அடுத்த ஆள் ஜே.டி.பேரட். டெக்சாஸ் பையன். கல்லூரிக்கு வந்து ஒரு ஆண்டு ஆகியும் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். அந்தக் கோடைக்காலப் பயிற்சியில்தான் கார்டேல் ஜோன்சைப் பின்னுக்குத் தள்ளி இரண்டாவது இடத்தைப் பிடித்திருந்தார்.

கடற்படை அணியுடன் முதல் ஆட்டம். திக்கித் திணறி 34-17 என்று ஜெயித்தார்கள். அடுத்தது செப்டம்பர் 6. சொந்த ஊரில் வர்ஜீனியா டெக் அணியுடன் இரவு ஆட்டம். லட்சம் பேர் கூடிவிட்டார்கள். பாவம், பேரட்! ஏழு தடவை அவரைப் பந்தோடு சேர்த்துக் கீழே சாய்த்தார்கள். எறிந்த பந்தில் மூன்று எதிரி கையில். நாலாவது கட்டத்தில் எப்படியோ 21-21 என்று சமன் செய்தும் பிரயோசனம் இல்லை. 35-21 என்று தோல்வி.

"அவ்வளவுதான், இந்த ஆண்டும் போச்சு" என்று ஊரே முடிவு கட்டியது.

உண்மைக் குறை பேரட்டிடம் இல்லை. தளபதிக்கு முன்னால் ஐந்து பேர் சுவர் மாதிரி நிற்பார்கள். பந்து அவர்கள் கைக்கு வராது. டச்டவுனும் போட மாட்டார்கள். அடி வாங்குவதும் தடுப்பதும்தான் வேலை. அந்த ஐந்து பேரில் நாலு பேர் அந்த ஆண்டு புதுசு. சுவர் பச்சை மண்ணாக இருந்தது, இடிந்துவிட்டது. பேப்பரில் படம் வராத இந்த ஐவர் அடுத்த மூன்று மாதத்தில் இறுகிக் கருங்கல்லானார்கள். இந்தக் கோப்பைக்கு யார் காரணம் என்று கேட்டால் நாம் முதலில் கை காட்டுவது அந்த ஐவரைத்தான்.

பிறகு பாருங்கள், அடி என்றால் அடி! கென்ட் ஸ்டேட் அணியை 66-0. சின்சினாட்டியை 50-28. மேரிலாண்டை 52-24. ரட்கர்சை 56-17. பேரட் கை தேறிவிட்டது.

பென் ஸ்டேட் ஊரில் மட்டும் ஒரு கண்டம் வந்தது. முதல் பாதியில் 17-0 என்று முன்னணி. பேரட்டுக்கு முழங்கால் சுளுக்கு. எதிரி 17-17 என்று எட்டிப் பிடித்துவிட்டான். கூடுதல் நேரம். அதிலும் சமன். மறுபடி கூடுதல் நேரம். முழங்காலைப் பொருட்படுத்தாமல் பேரட் இரண்டு தடவையும் தானே ஓடி டச்டவுன் போட்டார். 31-24. தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஊர் வந்து சேர்ந்தார்கள்.

நவம்பர் 8-ல் பழைய பகையாளி மிச்சிகன் ஸ்டேட். முந்தின ஆண்டு கனவைக் கலைத்தவர்கள் இவர்கள்தான். அவர்கள் ஊரிலேயே 49-37 என்று கணக்குத் தீர்த்தாயிற்று. அடுத்த வாரம் மின்னசோட்டாவில் பனி கொட்டுகிறது. பேரட் ஒரே மூச்சில் 86 கஜம் ஓடினார். அந்த சீசனில் அவர் எறிந்தும் ஓடியும் காரணமான டச்டவுன் 45! அந்த வட்டாரத்தில் அதுவரை யாரும் ஒரே சீசனில் செய்யாத காரியம்.

எழுந்திருக்கவில்லை

நவம்பர் 29. மிச்சிகன் பல்கலைக்கழகத்துடன் ஆட்டம். இந்த இரண்டு அணிக்கும் நூறு ஆண்டுக்கு மேலான விரோதம். மற்ற எல்லா ஆட்டத்திலும் தோற்றுவிட்டு இதில் மட்டும் ஜெயித்தால்கூட ஊர் மன்னித்துவிடும் என்பார்கள்.

28-21 என்று ஓஹியோ முன்னால் நிற்கிறது. நாலாவது கட்டத்தின் முதல் ஆட்டம். பேரட் பந்தோடு ஓடினார். மேலே ஆட்கள் விழுந்தார்கள். எல்லாரும் எழுந்தார்கள். பேரட் எழுந்திருக்கவில்லை.

வலது கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது.

ஸ்டேடியம் கப்சிப். அப்போது ஒரு காட்சி. எதிரி அணித் தளபதி டெவின் கார்ட்னர், பேரட் விழுந்து கிடந்த இடத்துக்கு நடந்து போனார். பக்கத்தில் குனிந்து ஆறுதல் சொன்னார். தன் அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது, ஜென்ம விரோதியின் தளபதிக்கு! அந்தப் படம் மறுநாள் நாடெங்கும் பேசப்பட்டது. ஆட்டக்காரன் வலி ஆட்டக்காரனுக்குத்தான் தெரியும்.

கார்டேல் ஜோன்ஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். மிச்சம் இருந்த நேரத்தைச் சமாளித்தார்கள். 42-28 என்று ஜெயம். ஆனால் அன்று இரவு யாருக்கும் கொண்டாட மனசில்லை.

மறுநாள் இதைவிடப் பெரிய இடி. அணியைச் சேர்ந்த ஓர் இளைஞரை நாலு நாளாகக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். நவம்பர் 30 அன்று அவர் இறந்து கிடந்தது தெரிந்தது. ஆட்டத்தில் தலையில் பட்ட அடிகளால் குழம்பிப் போயிருந்தார் என்று குடும்பத்தார் கவலைப்பட்டிருந்தார்கள். அடுத்த ஆட்டத்தில் அணியினர் அவருடைய 53-ம் எண்ணை ஹெல்மெட்டில் ஒட்டிக்கொண்டு ஆடினார்கள். கைதட்டல் சத்தத்துக்கு நடுவே இந்த ஆட்டம் மனுஷ உடம்பிடம் என்ன வாங்குகிறது என்பதை யாரும் மறக்கக் கூடாது.

"படிக்கவா வந்தோம்?"

இனி எல்லாம் கார்டேல் ஜோன்ஸ். யார் இவர்?

கிளீவ்லாண்டு நகரத்துப் பையன். கிளென்வில் பள்ளிக்கூடம். வசதி இல்லாத பகுதி. கல்லூரிக்கு வந்த புதிதில் ஒரு வம்பு செய்தார். 2012 அக்டோபரில் ட்விட்டரில், கால்பந்து ஆட வந்த எங்களுக்கு வகுப்பு எதற்கு, வகுப்புக்குப் போவதே வீண் என்கிற பாணியில் எழுதி வைத்துவிட்டார்! நாடே சிரித்தது. கல்லூரி அவரை ஒரு ஆட்டம் உட்கார வைத்தது. அதற்கப்புறம் இரண்டு ஆண்டும் ஜோன்ஸ் என்றால் அந்த ஒரு வரிதான் ஞாபகம். ஆட்டம் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. அவர்தான் ஆடவே இல்லையே!

அவர் எழுதியது தப்புதான். ஆனால் அப்படி ஒரு எண்ணத்தை அந்தப் பையன் தலையில் ஏற்றியது யார்? லட்சம் பேரைக் கூட்டி ஆட விடுகிறவர்கள்தானே?

டிசம்பர் 6. இண்டியானாபொலிஸ் நகரில் வட்டாரச் சாம்பியன் ஆட்டம். எதிரி விஸ்கான்சின். அவர்களிடம் மெல்வின் கார்டன் என்று ஒரு புயல். மூன்று வாரத்துக்கு முன் நெப்ராஸ்கா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 408 கஜம் ஓடியவர்! பந்தயம் கட்டுகிறவர்கள் எல்லாரும் விஸ்கான்சின் பக்கம். ஜோன்சுக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு வாரப் பயிற்சி.

பந்து கைக்கு வந்தது. ஜோன்ஸ் தூக்கி எறிந்தார். எறிந்தார் என்றால் சும்மா இல்லை, பீரங்கி! டெவின் ஸ்மித் 39 கஜத்தில் ஓடிப் பிடித்து டச்டவுன். பாதி ஆட்டம் முடிந்தபோது 38-0. முழு ஆட்டமும் முடிந்தபோது 59-0!

ஐம்பத்தொன்பதுக்குப் பூஜ்யம். அச்சுப் பிழை இல்லை. கார்டனை 76 கஜத்தில் கட்டிப்போட்டார்கள். ஜோன்ஸ் 257 கஜம் எறிந்தார், மூன்று டச்டவுன், மூன்றும் ஸ்மித் கையில்.

நாலாவது இடம் யாருக்கு?

இந்த இடத்தில் ஒரு பஞ்சாயத்து உண்டு.

அதற்கு முன்னால் 1998 சீசனில் இருந்து, கருத்துக் கணிப்பையும் கம்ப்யூட்டர் கணக்கையும் வைத்து இரண்டு அணியைப் பொறுக்கி இறுதி ஆட்டத்துக்கு அனுப்பி வந்தார்கள். "எங்களை ஏன் விட்டாய்?" என்று ஆண்டுதோறும் சண்டை. 2014-ல்தான் முதல் தடவையாக நாலு அணி, இரண்டு அரை இறுதி, ஒரு இறுதி என்று மாற்றினார்கள். நாலு அணியைத் தேர்ந்தெடுக்க 12 பேர் குழு. முன்னாள் வெளியுறவு மந்திரி காண்டலீசா ரைசும் அதில் ஒருவர். உலக விவகாரத்தைப் பார்த்தவருக்கு இது பெரிய தலைவலியாக இருந்திருக்கும்!

டிசம்பர் 7 அன்று பட்டியல் வந்தது. அலபாமா முதல் இடம். ஒரிகன் இரண்டு. புளோரிடா ஸ்டேட் மூன்று. நாலாவது? ஓஹியோ!

டெக்சாசில் கூச்சல். டெக்சாஸ் கிறிஸ்டியன் அணி முந்தின வாரம் மூன்றாம் இடத்தில் இருந்தது. கடைசி ஆட்டத்தில் 55-3 என்று ஜெயித்தது. ஜெயித்தவர்களை ஆறாம் இடத்துக்கு இறக்கிவிட்டார்கள்! அவர்களை 61-58 என்று தோற்கடித்திருந்த பேலர் அணிக்கு ஐந்தாம் இடம். அந்த வட்டாரத்தில் சாம்பியன் ஆட்டம் என்று ஒன்று நடத்துவது இல்லை; அதனால் கடைசி வாரம் காட்டிக்கொள்ள எதுவும் இல்லாமல் போயிற்று. 2017-ல் அவர்களும் சாம்பியன் ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். பட்ட பிறகு வந்த புத்தி.

இதில் நியாயம் எந்தப் பக்கம்? டெக்சாஸ்காரர்கள் வயிற்றெரிச்சலில் நியாயம் இருக்கிறது. ஜெயித்தவன் இறங்குவது எந்த ஊர்க் கணக்கு? ஆனால் 59-0 என்பதைப் பார்த்தபின் குழுவின் கை தானாக ஓஹியோ பக்கம் போயிருக்கும். அந்த அடியில் கொஞ்சம் குறைந்து ஏதோ ஜெயித்தோம் என்று ஜெயித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

85 கஜ ஓட்டம்

2015 ஜனவரி 1. நியூ ஆர்லியன்ஸ் நகரம். அரை இறுதி. எதிரே அலபாமா. பயிற்சியாளர் நிக் சேபன்; அலபாமாவில் மட்டும் அதற்குள் மூன்று கோப்பை வாங்கிக் கொடுத்தவர். பெயரைக் கேட்டாலே மற்ற அணிகளுக்கு வயிற்றைக் கலக்கும்.

இரண்டாம் கட்டத்தில் அலபாமா 21-6. முடிந்தது கதை என்று பல பேர் டி.வி.யை அணைத்திருப்பார்கள். அணைத்தவர்கள் ஏமாந்தார்கள்! ஒரு டச்டவுன் திரும்பி வந்தது. பாதி ஆட்டம் முடிய சில வினாடி இருக்கும்போது ஒரு தந்திரம்: எறிய வேண்டிய ஜோன்ஸ் எறியவில்லை. பந்து இவான் ஸ்பென்சர் கைக்குப் போயிற்று. இவர் பந்தைப் பிடிக்கிற ஆள். எறிகிற ஆள் இல்லை. ஆனால் எறிந்தார்! மூலையில் மைக்கேல் தாமஸ் காலை ஊன்றிப் பிடித்தார். 21-20.

இரண்டாம் பாதியில் ஜோன்ஸ் 47 கஜ எறி, டச்டவுன். அலபாமா எறிந்த பந்தை முன்வரிசைத் தடுப்பாளர் ஒருவரே பறித்துக்கொண்டு ஓடினார்; இன்னொரு டச்டவுன். 34-21. அலபாமா விடவில்லை. 34-28.

மூன்றரை நிமிஷம்கூட பாக்கி இல்லை. பந்து ஓஹியோவின் 15-வது கஜக் கோட்டில். எசேக்கியேல் எலியட் கைக்குப் பந்து போனது. இவரைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டையை மேலே சுருட்டி விட்டு வயிறு தெரிய ஆடுகிற ஆசாமி. சீசன் தொடங்குவதற்கு முன் மணிக்கட்டில் ஆபரேஷன். அந்தக் கையோடு ஆண்டு முழுக்க ஆடினார்.

முன்வரிசை ஒரு சந்து திறந்தது. எலியட் உள்ளே புகுந்தார். அவ்வளவுதான். ஒருவர் கையும் மேலே படவில்லை. 85 கஜம்! இந்த ஓட்டத்தைத்தான் ஓஹியோக்காரர்கள் இன்னமும் டீக்கடையில் பேசுகிற மாதிரிப் பேசுகிறார்கள்.

அலபாமா இன்னொரு டச்டவுன் போட்டது. கடைசி வினாடியில் நெஞ்சு படபடக்க வானத்தில் ஒரு எறி. ஓஹியோவின் டைவிஸ் பவல் தாவிப் பிடித்துவிட்டார். 42-35. மூன்றாவது ஆள் சேபனைச் சாய்த்துவிட்டார்!

அதே நாள் இன்னொரு அரை இறுதி. 29 ஆட்டமாகத் தோற்காத புளோரிடா ஸ்டேட்டை ஒரிகன் 59-20 என்று நசுக்கியது.

டெக்சாசில் இறுதி

ஜனவரி 12. டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டன். 85 ஆயிரம் பேர். ஒரிகன் தளபதி மார்க்கஸ் மரியோட்டா, அந்த ஆண்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் பரிசு வாங்கியவர். எதிரே, வாழ்க்கையில் மூன்றாவது தடவையாக முதலில் இருந்து ஆடப்போகும் ஜோன்ஸ்.

தொடங்கிய மூன்று நிமிஷத்துக்குள் ஒரிகன் 7-0. அவர்கள் ஆட்டமே வேகம்தான். ஆனால் ஓஹியோ ஐவர் சுவர் அசையவில்லை. 21-10 என்று திரும்பியது. ஓஹியோ தன் கையாலேயே நாலு தடவை பந்தைக் கோட்டை விட்டது. அப்படியும் எதிரியால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. 21-20 வரை நெருங்கினார்கள். ஜோன்ஸ் ஒரு தடவை பந்தோடு ஓடினார் பாருங்கள், குறுக்கே வந்த கனத்த தடுப்பாளரையே இடித்துத் தள்ளிவிட்டுப் போனார். லாரி மோதின மாதிரி!

மிச்சத்தை எலியட் பார்த்துக்கொண்டார். 36 தடவை ஓடினார். 246 கஜம். நாலு டச்டவுன். விஸ்கான்சினுடன் 220, அலபாமாவுடன் 230, இங்கே 246. மூன்று ஆட்டத்தில் 696 கஜம்! 28 வினாடி பாக்கி இருக்கும்போது கடைசி டச்டவுன். 42-20.

ஓஹியோவுக்கு 2002 சீசனுக்குப் பிறகு முதல் கோப்பை. தோள் அடிபட்ட மில்லர், கால் முறிந்த பேரட் இருவரும் ஓரத்தில் நின்று பார்த்தார்கள்.

காசு யாருக்கு?

இவ்வளவு பெரிய ஆட்டத்தில் யாருக்கு எவ்வளவு கிடைத்தது? அந்த ஆண்டு பயிற்சியாளர் மேயர் சம்பளம் 40 லட்சம் டாலருக்கு மேல். டி.வி. கம்பெனி இந்தப் புதுப் போட்டியைக் காட்ட 12 ஆண்டுக்கு 500 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டிருந்தது. இறுதி ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் 3 கோடிப் பேருக்கு மேல்.

ஜோன்சுக்கு? படிப்பு, சாப்பாடு, தங்கும் இடம். எலியட்டுக்கும் அதேதான். தளபதி இரண்டு பேருக்குக் கை கால் போனதற்கும் அதேதான்.

மகன் இறுதி ஆட்டம் ஆடுவதைப் பார்க்கப் பெற்றோருக்கு வண்டிச் செலவு கொடுக்கக்கூட சட்டம் இடம் தரவில்லை. பல வீட்டில் விமான டிக்கெட்டுக்கு வழி இல்லை. "இது என்ன அநியாயம்" என்று மேயரே வாய் திறந்தார். இறுதி ஆட்டத்துக்குச் சில நாள் முன்னால்தான் குடும்பத்தார் பயணச் செலவுக்கு அனுமதி கிடைத்தது. அதே சீசனில் ஜார்ஜியா அணியின் டாட் கர்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக் காசு வாங்கினார் என்பதற்காக நாலு ஆட்டம் உட்கார வைக்கப்பட்டார். தன் பெயரைத் தானே எழுதினதற்குத் தண்டனை!

2021 ஜூலை 1 முதல், ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆயிற்று. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பங்கு கொடுக்கின்றன. 2024 சீசனில் இருந்து நாலு அணிக்குப் பதில் 12 அணி. அந்த முதல் 12 அணிப் போட்டியில் ஜெயித்ததும் ஓஹியோதான். அந்தப் பையன்கள் சம்பாத்தியத்தோடு ஜெயித்தார்கள். 2014 பையன்கள் கைதட்டலோடு சரி.

பிறகு?

கோப்பை வாங்கிய மூன்றாம் நாள் ஜோன்ஸ் தன் ஊரான கிளீவ்லாண்டில் நிருபர்களைக் கூப்பிட்டார். கல்லூரியை விட்டுவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகப்போகிறார், பணம் கொட்டப்போகிறது என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். போகவில்லை, படிப்பை முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பணக் கணக்கில் அது நஷ்டம். அடுத்த சீசனில் பேரட் கால் தேறித் திரும்பி வந்தார். ஜோன்ஸ் கொஞ்ச நாள் ஆடினார்; பாதியில் இடம் பேரட்டுக்குப் போயிற்று. மில்லரோ எறிகிற வேலையை விட்டுவிட்டுப் பந்து பிடிக்கிற ஆளாக மாறிக்கொண்டார். ஒரு வீட்டில் மூன்று மூத்த பிள்ளைகள் மாதிரி மூன்று தளபதிகளும் ஒரே அணியில்!

2016-ல் எலியட்டை டல்லாஸ் அணி நாலாவது ஆளாகக் கொத்திக்கொண்டு போயிற்று. ஜோன்சைப் பபலோ அணி எடுத்தது 139-வது ஆளாக. கல்லூரியில் முதலில் இருந்து ஆடிய 11 ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்காதவருக்கு அந்த இடம்தான் கிடைத்தது. பேரட் 2017 வரை கல்லூரிக்கு ஆடினார்; தொழில்முறைத் தேர்வில் அவரை யாருமே எடுக்கவில்லை. பிறகு பயிற்சியாளர் வேலைக்குப் போனார்.

ஜோன்ஸ் பட்டம் வாங்கினது 2017 மே மாதம். சதுரத் தொப்பி, கறுப்பு அங்கி. தொப்பி மேலே ஒரு வாசகம் எழுதியிருந்தது. ஐந்து ஆண்டுக்கு முன்னால், படிக்கவா வந்தோம் என்று அவர் எழுதின அதே வாசகம்தான். "யாரோ ஒருவர் சொன்னாராம்" என்று முன்னால் சேர்த்திருந்தார்.